வெளுத்த வண்டு

“லாஸ்யா தனி இனம் இல்லீங்க சார். ஏற்கெனவே இருக்கற இனந்தானுங்க. அந்தப் பேரை எடுக்கோணுமுங்க,” என்றாள் ஆராய்ச்சி மாணவி பொற்கொடி.

மரம் குடையும் அந்தப் பொடி வண்டுக்குத் தொண்ணூற்று மூன்றில் பெயர் வைத்ததே பேராசிரியர் வேங்கடசாமிதான்.

“இது நிறம் வெளுப்பாச்சே அம்மணி?”

“முழுசா வளர்றதுக்குள்ள கட்டையைப் பொளந்து எடுத்துப்போட்டாங்க சார். விட்டிருந்தா இதுவும் கறுத்திருக்கும்.”

லென்ஸில் வெகுநேரம் பார்த்தவர், பெயரைத் தானே கோடிட்டு அடித்தார்.

“கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டே வந்தேனுங்க சார்.”

அவர் வீட்டுக்குக் கிளம்பினார்.

வாசலிலேயே மனைவி கோமளா கேட்டாள். “ஏனுங்க, மூஞ்சி வாடிக் கெடக்குது?”

“வண்டுக்கு வெச்ச பேரை எடுத்தாச்சு.”

“கொறமாசத்துல பொறந்த புள்ளதான் போயிட்டா. அவ பேராவது நிக்கும்னீங்களே?”

“அந்த வண்டையும் முழுசா வளர்றதுக்குள்ள எடுத்துப்போட்டாங்க, கோமளா.”