புதன்கிழமைக் களி

ஃபாக்டரி கேட்டில் காவலாளி கோவிந்தராஜ் டிபன் பாக்ஸைத் திறந்தபோது, உள்ளே ஒரு கேழ்வரகுக் களி உருண்டை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பாக்ஸுக்குச் சொந்தக்காரன், வெல்டிங் ஷாப் துலுக்கானம்.

கான்டீன் கமிட்டி செக்ரட்டரி பால்ராஜுக்கு ஆள் போயிற்று. மனுஷன் கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தார்.

பால்ராஜ் நாசரேத் பக்கத்துக்காரர். பூமி சூடாகிறது என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது. ஆந்திரா அரிசிக்கு ஒரு லாரி, ஊட்டி கோஸுக்கு ஒரு லாரி, அத்தனை புகையும் நம் தலைமேல்தானே என்று கமிட்டியில் மல்லுக்கட்டினார். கடைசியில் சாதித்தும் விட்டார். புதன்கிழமையானால் ஆவடியைச் சுற்றிப் பத்து மைலுக்குள் விளைந்ததுதான் கான்டீனில் வேகும். களியும் கீரைக் குழம்பும். லாரிப் புகையும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

அந்தச் சட்டத்தைச் சந்தி சிரிக்க வைத்தவன் இந்தத் துலுக்கானம்தான். "மாமே, கான்டீன்ல பீரங்கிக் குண்டு போடறாங்கோ, ஹெல்மெட் மாட்டிக்கினு போ" என்று ஷாப் ஷாப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனே இன்றைக்குக் களியோடு பிடிபட்டால் பால்ராஜுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

"என்னவே இது?"

"உங்க குண்டுதான் சார்."

"ஒரு டோக்கனுக்கு ஒரு உருண்டை. அதைக் கான்டீன்லயே சாப்பிடணும். வெளிய கொண்டுபோனா மூணு நாள் சஸ்பெண்ட். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"பின்னே யாருக்கு இது?"

துலுக்கானம் தலையைச் சொறிந்தான். "கோயிக்கு சார். இத்தத் துன்னா முட்டை பெர்சா வக்கிதாம்."

ஷிப்ட் முடிந்து வரிசையில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. பால்ராஜுக்குக் காது வரைக்கும் சூடேறியது. பூமி சூடெல்லாம் அப்புறம்.

"காலையில மேனேஜர் மேஜையில புகார் இருக்கும்."

"எய்திக்கோ சார். டப்பாவ மட்டும் குட்த்துடு, கோயி காத்துக்கினு கீது."

மூன்று நாள் சம்பளம் போகப்போகிறது, இவனுக்குக் கோழிக் கவலை. போய்த் தொலையட்டும் என்று டப்பாவைக் கொடுத்துவிட்டார். ஆனால் மனசு ஆறவில்லை. அந்தக் கோழியைக் கண்ணால் பார்த்து, அதன் நிறம் முதற்கொண்டு புகாரில் எழுதிவிடுவது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

துலுக்கானம் சேக்காட்டில் இருக்கிற தன் வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளை முத்தாபுதுப்பேட்டைக்கு விட்டான். ஏரி ஓரம் ஒரு ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தான். இரண்டே நிமிஷத்தில் காலி டப்பாவோடு வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

பால்ராஜ் வாசலில் எட்டிப் பார்த்தார். கோழியும் இல்லை, கொக்கும் இல்லை. தட்டில் களியை வைத்துக்கொண்டு வேம்புலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கான்டீனுக்குக் கேழ்வரகு போடுகிற அதே வேம்புலியம்மாள்.

"வா நைனா, உள்ள வா," என்றாள்.

பால்ராஜுக்கு ஒன்றுமே புரியவில்லை. "எங்களுக்கே நீங்கதானே கேழ்வரகு தர்றீங்க. உங்களுக்குக் களி வெளிய இருந்து வரணுமாம்மா?"

"வெளையறது மொத்தமும் கான்டீனுக்கே அளந்துடணும்னு நீதானே கையெய்த்து வாங்கினே? ஒரு படிகூட நான் ஒளிக்கல நைனா. இப்ப ஊட்ல ரேஷன் அரிசிதான்."

ரேஷன் அரிசி எத்தனை நூறு மைல் தாண்டி கூட்ஸ் வண்டியில் வருகிறது என்று கமிட்டியில் கணக்குப் போட்டுக் காட்டியவரே பால்ராஜ்தான். அந்த யோசனையில் இந்த வீட்டு அடுப்பு அவருக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"போன மாசம் எனக்குச் சர்க்கரைன்னு கண்டுபுட்ச்சாங்கோ," என்றாள் அவள். "சோத்தக் கொறை, கேவுரு துன்னுன்னாரு டாக்டரு. கேவுருக்கு நான் எங்க போவேன்? கான்டீனுக்கு மூட்டை போட வந்தப்ப துலுக்கானத்தாண்ட ஒரு நாள் சொல்லி அய்தேன். அன்னியிலேர்ந்து ஒரு புதன்கெயமகூடத் தப்பல."

பால்ராஜ் தட்டில் இருந்த அந்த ஒற்றை உருண்டையைப் பார்த்தார். "இது யாரோட களின்னு அவன் சொன்னானா?"

"சொல்லாம இன்னா?" வேம்புலியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நீ துன்னாம உன் பங்க எனக்குக் குட்த்தனுப்பிறியாமே. அட்த்த வாரத்துலேர்ந்து பாதி போதும். நீ பட்னி கெடக்காதே, நைனா."