வூலா இப்போது சென்ட் போடுவதில்லை

ஆரஞ்சு ஓடும் பெல்ட் திடீரென்று நின்றது.

"வூலா, என்ன கருமம் சென்ட் அது? போய்க் கழுவிட்டு வா. நாளையிலேர்ந்து அதைப் போட்டுக்கிட்டு என் லைன்ல நிக்காத!"

சூப்பர்வைசர் கெரின் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். ஆரஞ்சு தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐம்பத்து நாலு வயது வூலா கெரினின் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். ஜூன் மாதக் குளிர்காலத்து ஐஸ் தண்ணீரில் கழுத்தையும் மணிக்கட்டையும் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

ஆஸ்திரேலியாவின் ரென்மார்க்கில், ஆரஞ்சு பேக்கிங் செய்யும் அந்த ஷெட்டில் அவளுக்கு இருபது வருட சர்வீஸ். பெர்த்தில் இருக்கும் மகள் எல்பிடா பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அனுப்பும் சென்ட் அது. கேரமல் மிட்டாயும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி மெல்லிய வாசம். கிட்டே வந்து குனிந்தால்தான் தெரியும்.

"நாள் முழுக்க ஆரஞ்சுலதான் குளிக்கிற. சென்ட்டுமா அதே வாசம்?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்தால், "புளிப்பு ஷெட்டுக்கு, இனிப்பு எனக்கு" என்று சிரிப்பாள்.

டீ இடைவேளையில் ஜசிந்தா பொரிந்து தள்ளினாள். வூலாவுக்குப் பக்கத்து இடத்தில் நிற்பவள்.

"சூப்பர்வைசர் ஆகி ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள கொம்பு முளைச்சிடுச்சு அவளுக்கு! மூணு வருஷமா யாருக்கும் நாறாத சென்ட் இவளுக்கு மட்டும் நாறுதாமா?"

"விடு கண்ணு."

"ஏன் விடணும்? மேனேஜருக்கு எழுதிப் போடுவோம். அவ இன்னும் தற்காலிகம்தானே? ஒரு லெட்டர் போதும், மறுபடி நம்மளோட நின்னு பெட்டி தூக்குவா."

மறுநாளே கடிதம் தயார். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். வூலா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"உன்னைத் திட்டினதுக்குத்தான் எழுதியிருக்கோம். நீயே போடலைன்னா மேனேஜர் வாங்குவாரா?"

"கொஞ்ச நாள் பொறு, ஜசிந்தா."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"பயமா?"

"பயம்னே வச்சுக்கோ."

கடிதம் ஜசிந்தாவின் லாக்கரிலேயே கிடந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கெரின் ஒரு பெட்டியைத் தூக்கக் குனிந்தால் போதும், வூலா ஓடிப்போய் முந்திக்கொள்வாள். பதினெட்டு கிலோ பெட்டி. "நீ போய்க் கணக்கைப் பாரு, இதை நான் பாத்துக்கறேன்." காலையில் கெரினின் மேஜையில் உப்பு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். யார் வைத்தது என்று கெரினுக்குத் தெரியாது. ஜசிந்தாவுக்குத் தெரியும்.

"திட்டு வாங்கிட்டு அவளையே காக்கா பிடிக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

வூலா அடுத்த பெட்டியைத் தூக்கப் போனாள்.

அன்றிலிருந்து ஜசிந்தா அவளோடு சாப்பிடுவதை நிறுத்தினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக மேஜை மாறி உட்கார்ந்தார்கள். ஏழு வாரம் வூலா தனியாகத்தான் டீ குடித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பெல்ட் மறுபடி நின்றது.

"ஒரு விஷயம் சொல்லணும்." கெரின் கையிலிருந்த கணக்கு நோட்டை மூடினாள். "நான் உண்டாயிருக்கேன். இன்னியோட பதிமூணு வாரம். இதுக்கு முன்னாடி மூணு கலைஞ்சு போச்சு. ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி, அப்புறம் இல்லைன்னும் நானே சொல்லி... அதான் இந்தத் தடவை என் புருஷனைத் தவிர யார்கிட்டயும் மூச்சு விடல. நேத்து டாக்டர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு."

ஷெட்டே கை தட்டியது. இரண்டு பேர் ஓடிப்போய்க் கெரினைக் கட்டிக்கொண்டார்கள்.

ஜசிந்தா கை தட்டவில்லை. மெல்ல வூலா பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அவ மூக்கைப் பொத்தினாளே, அன்னிக்கே. எல்பிடாவுக்கு முன்னாடி எனக்கும் ரெண்டு போயிருக்கு. அந்தப் பயம் மூஞ்சில எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் உன்னை என்னென்ன பேசிட்டேன்!"

"அது என் விஷயமா, நான் சொல்றதுக்கு?"

ஜசிந்தா வாயைத் திறப்பதற்குள் கெரின் எதிரே வந்து நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

"வூலா, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படித் திட்டினது தப்பு. அந்த இனிப்பு வாசம் வயித்தைப் புரட்டிடுச்சு. காரணம் சொல்ல முடியல. யாருக்கும் தெரிஞ்சிடக் கூடாதுன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என்னை மன்னிச்சிடு."

வூலா கண்களை அகல விரித்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடியம்மா! சத்தியமா எனக்குத் துளிகூடத் தெரியாதே, கெரின்!"