வீட்டில் ஊசி போட ஆள் உண்டா?

அந்தக் கேள்விக்கு எதிரே ‘உண்டு’ என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. போட்டவள் அவளேதான்.

நான்கு மாதத்துக்கு முன்பு, விண்ணப்பம் கைக்கு வந்த அன்றே, யோசிக்காமல் போட்ட டிக். இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருப்பவள் வேறென்ன செய்வாள்? ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கைராசிக்காரி என்றே பேர். அவள் போட்டால் ஊசி இறங்கியதே தெரியாது என்பார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் அந்தக் கட்டத்தை நிரப்பினாள். அப்போது அது பொய்யும் இல்லை.

இப்போது காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கடைசி மேல்முறையீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. கைப்பைக்கு அடியில் வலது கை.

எதிரே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். அவள் தம்ளரைத் தொடவில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. காலையும் மாலையும் வயிற்றுத் தோலுக்கு அடியில் மருந்து ஏற வேண்டும். தேன் மாதிரி கெட்டியான மருந்து. ஊசி அசையாமல், எட்டு நிமிஷம் மெல்ல மெல்லத் தள்ள வேண்டும்.

அதற்கென்றே ஒரு கருவி வந்திருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிசு. வயிற்றில் ஒட்டிவிட்டால் அதுவே ஏற்றிக்கொள்ளும், பிள்ளை பாட்டுக்கு விளையாடலாம். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனிதான் ‘சௌகரியத்துக்கான பொருள்’ என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது.

சௌகரியமாம். ஏதோ மெத்தை வைத்த நாற்காலி கேட்ட மாதிரி.

இடது கையால் செல்போனை அதிகாரி பக்கம் நகர்த்தினாள். மகளின் வயிற்றைப் படம் பிடித்து வைத்திருந்தாள். நீலம், கருநீலம், ஆறிவரும் மஞ்சள். ஊசி இறங்கிய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. இதைப் பார்த்தால் எப்பேர்ப்பட்டவருக்கும் மனசு இளகும் என்று நம்பித்தான் எடுத்து வந்திருந்தாள்.

அதிகாரி உச்சுக்கொட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“நர்ஸ் போட்டுமா இப்படி ஆகுது?”

அவள் செல்போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவ சும்மா இருக்க மாட்டேங்குறா சார். அசைஞ்சுடறா.”

சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அசைகிற குழந்தையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் போதும், கருவி எதற்கு என்றார் அதிகாரி, வருத்தமாகவே. அப்புறம் அவருக்கே மனசு கேட்கவில்லை போலும், பேனாவைத் திறந்தார். அவளால் ஊசி போட முடியாது என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லட்டும், உடம்புக்கு எது என்றாலும் சரி, இப்போதே எழுதி நாளைக்கே அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்னார். வழக்கம்போல நகல் ஒன்று அவளுடைய ஆஸ்பத்திரிக்கும் போகும். இந்தக் காப்பீடே ஆஸ்பத்திரி தன் ஊழியர்களுக்காக எடுத்ததுதானே.

காரணம் தொண்டை வரை வந்தது.

ஆஸ்பத்திரி அதைப் படித்தால் வேலை போய்விடும். வேலை போனால் காப்பீடு போய்விடும். காப்பீடு போனால் கருவி என்ன, மருந்துக்கே வழியில்லை. ராத்திரி பகலாக எத்தனையோ தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

மென்று விழுங்கினாள். “காரணம் ஒண்ணும் இல்ல சார்.”

அதிகாரி ஒரு பெருமூச்சோடு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மேல்முறையீடு முடிந்தது என்பதற்கு ஒரு கையெழுத்து.

அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க் பேட் இருக்கா சார்? கைநாட்டு வெச்சுடறேன்.”

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இந்த நேரத்திலும் தமாஷ் பண்ண முடிகிறதே என்று, பேனாவை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார்.

கைப்பைக்கு அடியிலிருந்து வலது கை வெளியே வந்தது. பேனா முனை கோட்டுக்குப் போகாமல் காகிதத்தில் டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. இடது கையால் அமுக்கிப் பிடித்தாள். இரண்டும் சேர்ந்து ஆடின.

அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பார்வை அவள் முன்னிருந்த செல்போன் படத்துக்குப் போய், திரும்ப அவள் கைக்கு வந்தது.

வீட்டில் என்றால் இப்படி இல்லை. அந்த மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள மகள் இருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த எட்டு நிமிஷமும் அவள் அசைவதே இல்லை.