தானமாக வந்த பதில்

அரசுத் துறைகள் புரோகிராமர்களுக்கு இலவசமாகத் தரும், தகவல் தேடித் தரும் ஏபிஐ இணைப்புகளில் எது தேறும் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள் அவள். எல்லாவற்றுக்கும் ஒரே சோதனைக் கேள்விதான்: ஆண், வயது இருபத்திரண்டு, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

"ஆஸ்பத்திரி நோயாளிங்க?" என்றார் மேலாளர்.

"ஒண்ணும் வரலை சார்."

"ஜெயில் கைதிங்க?"

"அதுவும் காலி."

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்தா இப்படித்தான்! இன்னொண்ணு பாக்கி இருக்கே, அதையும் தட்டிப் பாரேன்."

அவள் விரல் தயங்கித் தயங்கித் தட்டியது. திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"அப்பாடா, ஒண்ணாவது வேலை செய்யுதே! எந்த டேட்டா அது?"

"அடையாளம் தெரியாத பிணங்கள், சார்."

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. அம்மாதான். தினமும் கேட்கும் அதே கேள்வி.

"தம்பியைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதாடி?"

"கிடைச்சுட்டான்மா."