சொந்தக்காரர் வரவும்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் உசாமிக்குத் தன் மூளை மேல் மரியாதை வந்தது. அதுவரை அந்த மூளை அதற்கு வாய்ப்பே கொடுத்ததில்லை. சட்டத் தேர்வு எழுதி எழுதித் தோற்று, கடைசியாக ஒருமுறை தேர்வு மண்டபத்தையே மாற்றிப் போய் உட்கார்ந்து, குளியல் தொட்டி விற்கப் போனவர் அவர்.

வண்டுப் பைத்தியம் மட்டும் சின்ன வயதிலிருந்தே விடவில்லை. டோக்கியோவில் அவருடைய குட்டி வீட்டில் மனைவிக்கு ஒரு அலமாரி, மற்றதெல்லாம் வண்டுகளுக்கு. "எல்லாம் வச்சிருக்கீங்க, அந்தத் தீவு வண்டு மட்டும் இல்லியா உசாமி?" என்று வண்டுச் சங்கத்தில் மாதாமாதம் யாராவது கேட்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். உசாமியும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பார்.

அது அந்த ஒரு தீவைத் தவிர உலகத்தில் எங்கும் இல்லாத கொம்பு வண்டு. சிறகு பேருக்குத்தான், பறக்காது. ஓய்வுபெற்ற தாசில்தார் மாதிரி காட்டுப் பாதையில் நிதானமாக நடந்துபோகும். குனிந்தால் எடுத்துவிடலாம். ஆனால் பிடித்தாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம் என்று தீவில் சட்டம் போட்டிருந்தார்கள்.

திருடி ஒளித்து வைத்துக்கொள்ள உசாமிக்கு ஆசையில்லை. சங்கத்து மேசைமேல் வைத்து, "சட்டப்படி என்னுடையது" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் மூளை ஒரு வழி காட்டியது. கண்டெடுத்த பொருளைப் போலீசில் ஒப்படைத்து, மூன்று மாதம் யாரும் கேட்டு வராவிட்டால், அது கண்டெடுத்தவருக்கே சொந்தம். ரயிலில் குடையைத் தொலைத்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வண்டுக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேறு எவனுக்கும் தோன்றவில்லையே என்று கப்பலில் வாந்தி எடுப்பதற்கு நடுவிலும் தன்னை மெச்சிக்கொண்டார்.

தீவுக்கு ஒரே போலீஸ்காரர் இசோசாகி. போலீஸ் சாவடியும் அவர் வீடும் ஒன்றுதான். உசாமி உள்ளே போனபோது பின்பக்கம் அவர் மனைவி கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், வழியில இது கிடந்துச்சு," என்று துளை போட்ட தகரப் பெட்டியை நீட்டினார் உசாமி.

இசோசாகி மூடியைத் திறந்தார். "ஐயய்யோ, நம்ம வண்டு! எவனோ கடத்தப் பாத்திருக்கான் சார்!"

"அநியாயம்!" என்றார் உசாமி.

"ஆமா, உங்க பேன்ட்டெல்லாம் ஏன் சார் இவ்வளவு சேறு?"

உசாமி அவசரமாகச் சேற்றைத் தட்டிவிட்டார். "வழுக்கி விழுந்துட்டேன். வயசாச்சு பாருங்க."

"பாத்து நடக்கக் கூடாதா? சரி, பாவம், இதுங்களைக் காட்டுலயே விட்டுடறேன்."

"விடறதா! தொலைஞ்ச பொருள் சார் இது. நாளைக்கு சொந்தக்காரர் வந்து நின்னா என்ன பதில் சொல்வீங்க?"

இசோசாகி தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். சட்டம் படிச்சவர் மாதிரி பேசறீங்களே!"

"ஏதோ கொஞ்சம்," என்று உசாமி அடக்கமாகச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் படிப்புக்கு ஒரு பாராட்டு கிடைத்திருந்தது.

மதியம் ஊர் ஒலிபெருக்கி அலறியது. "துளை போட்ட தகரப் பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே வண்டுகள். சொந்தக்காரர் சாவடிக்கு வரவும்." விடுதியில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த உசாமிக்குப் புரையேறியது. எவன் வருவான்? வந்தால் உள்ளே தள்ளிவிடுவார்களே!

ஆனாலும் டோக்கியோ திரும்பியதிலிருந்து நிம்மதி இல்லை. வண்டு செத்துவிட்டால்? எவனாவது துணிந்து வந்துவிட்டால்? வாரம் தவறாமல் போன் போட்டார்.

"வண்டுங்க சௌக்கியமா சார்?"

"அதுங்களுக்கென்ன! என் வீட்டுக்காரி தினம் வாழைப்பழம் ஊட்டறா. எனக்கே அந்த மரியாதை கிடையாது."

"யாராச்சும் கேட்டு வந்தாங்களா?"

"எங்க சார்! ஒலிபெருக்கியில கத்திக் கத்தி ஊரே காதைப் பொத்திக்குது."

கெடு முடிவதற்குள்ளேயே உசாமி கண்ணாடிக் கூண்டு வாங்கி, சங்கத்தில் எல்லோரையும் விருந்துக்கு அழைத்தும்விட்டார்.

குறித்த நாளில், சட்டைப் பையில், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தன் பெயர் முத்திரையோடு கப்பலிலிருந்து இறங்கினார். சாவடியில் இசோசாகி சலவை செய்த சீருடையில் நின்றார். பக்கத்தில் ஊராட்சித் தலைவர் கோட்டு போட்டுக்கொண்டு விறைப்பாக இருந்தார். நமக்காக இவ்வளவு ஏற்பாடா என்று உசாமிக்குக் கண் கலங்கியது.

"ஒருத்தரும் வரலை சார்," என்றார் இசோசாகி. "வேணும்னா நீங்க வாங்கிக்கலாம். வேண்டாம்னா விட்டுக்கொடுத்துடலாம். முக்கால்வாசிப் பேர் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க."

"விட்டுக்கொடுக்கறதா? நல்லா இருக்கே!" உசாமி காகிதத்தில் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"அப்போ சட்டப்படி இது உங்களோடது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"யோசிக்க என்ன இருக்கு? பெட்டியும் என்னோடது, வண்டும் என்னோடது. எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்வேன்!"

இசோசாகி தொப்பியைக் கழற்றிவிட்டு, இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார்.

"ரொம்ப நன்றி சார்," என்றபடி கைவிலங்கை எடுத்தார், "மூணு மாசமா இந்தச் சொந்தக்காரரைத்தான் தேடிட்டிருந்தோம்."