நின்ற அலை

இளவேனில் உருவாக்கிய வீடியோ கேமின் முடிவில் ஒரு பேரலை வரும். அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் திரைக்கு எதிரே இருப்பவரின் நெஞ்சு தாங்காது என்று தெரிந்தால் எந்தக் காட்சியும் தானாக நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டில் மட்டும் அலை ஒரு வருடமாக நின்றுகொண்டிருந்தது.

"அலையைப் பாக்காம அப்படி என்னதான் விளையாடுறாங்க?" என்று சிடுசிடுத்தபடி அவளே கிளம்பிப் போனாள்.

அங்கே சுவர்த்திரை முழுக்கக் கடல் பச்சை மலையாக எழுந்து நின்றது. அதன் அடியில் உட்கார்ந்து அமலோற்பவம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். புயலில் மகனைப் பறிகொடுத்தவர்.

"வா தாயி. தினம் ஒரு சாண் கிட்ட வந்து நின்னுடுது, என் மொகத்தைப் பாத்துப் பாத்து. இன்னிக்கு முழுசா வரச் சொல்லிட்டேன்."

சொல்லும்போதே அலை அசைந்தது. உள்ளே வெயில் பாளம் பாளமாக உடைந்தது. இதையா நான் செய்தேன் என்று இளவேனில் அண்ணாந்து பார்த்தாள். கூரையைத் தொட்ட அலை, சட்டென்று நின்றது.

"பயப்படாதீங்கம்மா" என்றாள்.

அமலோற்பவம் ஈரக் கையால் அவள் கையைப் பற்றினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. உன் நெஞ்சுதான் இப்படி அடிச்சுக்குது."