சுவரில் போகும் நிழல்

அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளி நெஞ்சு கெட்டுப்போன உச்சிமாகாளிக்குச் சாயங்காலம் மட்டும்தான் மூச்சு சீராக வரும். அந்நேரம் மேற்கு வெயில் சன்னல் வழியே விழ, வெளியே சுற்றும் காற்றாலையின் இறக்கை நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரைக் கடந்துபோகும். ஒரு நிழலுக்கு மூச்சை இழுப்பான், அடுத்த நிழலுக்கு விடுவான். இன்று ஒரு நிழல் பாதிச் சுவரில் நின்றுவிட்டது. இழுத்த மூச்சோடு அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி பரமகல்யாணி வெளியே ஓடினாள். வேப்பமரம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. "காத்து இந்த அடி அடிக்கே, ஏன் அண்ணாச்சி நிப்பாட்டிட்டிய?" என்று காற்றாலைக் காவல்காரரிடம் கத்தினாள். "நானா நிப்பாட்டுனேன்? கரண்டு ஆபீஸ்ல நிப்பாட்டச் சொல்லிட்டாவ. சோலார் கரண்டே மிஞ்சிக் கிடக்காம். பொழுது சாஞ்ச பொறவுதான் ஓட விடுவாவளாம்" என்றார் அவர். பொழுது சாய்ந்த பிறகு நிழல் ஏது? திரும்பி ஓடிவந்தவள் சன்னலோரம் நின்று, வெயிலை மறித்துக் கையை வீசினாள். கையின் நிழல் சுவரைக் கடந்துபோனது. "விடுங்க... இப்ப இழுங்க... விடுங்க." அவன் விட்டான். இழுத்தான். கையை மாற்றி மாற்றி வீசிக்கொண்டே அவள் வெளியே திரும்பிப் பார்த்தாள். சூரியன் மலையைத் தொட்டிருந்தது.